வீடு முழுக்க வைஃபை: மெஷ் வாங்கும் முன்பும் மாட்டும்போதும் செய்ய வேண்டியவை

மெஷ் செட் வாங்கி மாட்டிய பிறகும் பின்னறையில் வீடியோ சுற்றிக்கொண்டே நிற்கிறது என்றால், பெரும்பாலும் கோளாறு கருவியில் இல்லை. அதை வைத்த இடத்திலும் இணைத்த விதத்திலும்தான் இருக்கும். மெஷ் என்பது ஒரு முதன்மை ரவுட்டரும், அதிலிருந்து இணையத்தை வாங்கி அடுத்த அறைகளுக்குக் கொடுக்கும் துணை நோடுகளும் சேர்ந்த ஒரே வலை. துணை நோடு தானாக இணையத்தை உண்டாக்குவதில்லை. தனக்கு வந்ததைத்தான் அது பரப்பும். சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். முதன்மை ரவுட்டருக்கும் துணை நோடுக்கும் இடையிலான அந்த இணைப்பின் பெயர் பேக்ஹால். கீழே உள்ள படிகளில் பாதி இந்தப் பேக்ஹாலைப் பற்றியதுதான், அதைச் சரியாக அமைத்துவிட்டால் மற்றவை எளிது.

நேரக் கணக்கு: அளப்பதற்கு ஒரு மணி நேரம், மாட்டுவதற்கு இரண்டு மணி நேரம், கேபிள் இழுப்பதாக இருந்தால் தனியாக ஒரு நாள், பிறகு ஒரு வாரம் கவனிப்பு. மாட்டும் வேலையைக் காலையில் தொடங்குங்கள். இணைய நிறுவனத்தின் உதவி தேவைப்பட்டால் அவர்கள் போனை எடுக்கும் நேரமாக அது இருக்க வேண்டும்.

1. வாங்கும் முன் அளந்து பாருங்கள்

மூன்று அளவுகள் போதும். முதலில், ஒரு லேப்டாப்பை நெட்வொர்க் கேபிள் மூலம் இப்போதுள்ள ரவுட்டரில் நேரடியாகச் செருகி வேகத்தைப் பாருங்கள். இரண்டாவது, கேபிளைக் கழற்றிவிட்டு ரவுட்டரிலிருந்து 2 அல்லது 3 மீட்டர் தள்ளி நின்று வைஃபையில் பாருங்கள். மூன்றாவது, ஒவ்வொரு அறையிலும் நின்று பாருங்கள். எல்லாவற்றையும் ஒரு தாளில் நேரத்தோடு எழுதுங்கள்.

கேபிளிலேயே நீங்கள் பணம் கட்டும் வேகம் வரவில்லை என்றால் கோளாறு வெளியிலிருந்து வரும் இணைப்பில் இருக்கிறது. எத்தனை நோடு வாங்கினாலும் அது தீராது. கேபிளில் நன்றாக வந்து, ரவுட்டர் பக்கத்திலேயே வைஃபையில் பாதிக்கும் கீழே விழுந்தால், ரவுட்டர் பழையது அல்லது போன், வைஃபையின் அலைவரிசைகளில் வேகமான 5 ஜிகாஹெர்ட்ஸை விட்டு மெதுவான 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இரண்டும் நன்றாக இருந்து தூரத்து அறைகளில் மட்டும் குறைந்தால்தான் மெஷ் தேவைப்படும் வீடு அது.

வேகத்தோடு சிக்னல் பலத்தையும் எழுதுங்கள். இது டிபிஎம் என்ற அலகில், கழித்தல் குறியோடு வரும். சுழியத்துக்கு எவ்வளவு அருகில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. −50 மிக நன்று, −60 நன்று, −67 வரை வீடியோ அழைப்பு தடங்கலின்றி ஓடும், −70ஐத் தாண்டினால் இழுபறி, −80இல் இணைப்பு பெயருக்குத்தான் இருக்கும். 10 டிபி குறைந்தால் வந்து சேரும் சக்தி பத்தில் ஒரு பங்காகிவிட்டது என்று பொருள். அதனால் −60க்கும் −70க்கும் உள்ள வித்தியாசம் சிறியதல்ல.

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் எதுவானாலும் இந்த எண்ணைக் காட்டும். ஐபோனில் ஏர்போர்ட் யுடிலிட்டி ஆப்பை நிறுவி, போனின் செட்டிங்ஸில் அந்த ஆப்புக்குள் இருக்கும் வைஃபை ஸ்கேனரை ஆன் செய்ய வேண்டும். மேக் லேப்டாப்பில் ஆப்ஷன் கீயை அழுத்தியபடி வைஃபை சின்னத்தைக் கிளிக் செய்தால் போதும். திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். எத்தனை டிபிஎம்முக்கு எத்தனை கோடு என்பதை ஒவ்வொரு போன் நிறுவனமும் தன் விருப்பப்படி வைத்திருக்கிறது.

2. செலவில்லாமல் சரியாகுமா என்று பாருங்கள்

இருக்கும் ரவுட்டர் வீட்டின் ஒரு மூலையில், டிவிக்குப் பின்னால், இரும்பு அலமாரிக்குள், தரையில் என்று எங்காவது சிக்கிக்கிடந்தால் முதலில் அதை வெளியே எடுங்கள். மார்பு உயரத்தில், திறந்த இடத்தில், முடிந்தவரை வீட்டின் நடுவே வையுங்கள். மோடம் மூலையில்தான் இருக்க முடியும் என்றால், ஒரு நீளமான நெட்வொர்க் கேபிள் போட்டு ரவுட்டரை மட்டும் நடுவுக்கு நகர்த்தலாம். மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டியாக இருந்தால் இது முடியாது.

பெரிய கண்ணாடி, மீன் தொட்டி, ஃபிரிட்ஜ் ஆகியவை சிக்னலைத் தடுப்பவை அல்லது உறிஞ்சுபவை. மைக்ரோவேவ் அடுப்பு 2.45 ஜிகாஹெர்ட்ஸில் வேலை செய்வதால் அது ஓடும்போது 2.4 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபை திணறும். அதிகம் பேருக்குத் தெரியாத ஒன்று: ரவுட்டரை ஒட்டி வைத்த யுஎஸ்பி 3 ஹார்டு டிஸ்க்கும் அதே 2.4 அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்பும். அரை மீட்டர் தள்ளி வைத்தால் சரியாகிவிடும்.

இதைச் செய்தபின் மறுபடி அளந்து பாருங்கள். சிறிய வீடுகளில் வேலை இத்தோடு முடிந்துவிடுவதும் உண்டு.

3. எத்தனை நோடு, எந்த வகை

முதல் தவறு நடப்பது இங்கேதான்: மூன்று நோடு உள்ள பெட்டியை யோசிக்காமல் வாங்குவது. நோடு கூடக்கூட வைஃபை கூடும் என்பது பொய். கேபிள் இல்லாத மெஷ்ஷில் எல்லா நோடும் ஒரே சேனலை, அதாவது அலைவரிசையின் ஒரே துண்டை, பகிர்ந்து பேசுகின்றன. தேவைக்கு மேல் நோடு வைத்தால் ஒன்று பேசி முடிக்க மற்றவை காத்திருக்கும். இரண்டில் தொடங்குங்கள். பெரும்பாலான செட்களில் அதே வரிசையைச் சேர்ந்த ஒரு நோடைப் பின்னால் தனியாக வாங்கிச் சேர்க்க முடியும். வாங்கும் முன் அந்த வசதி உண்டா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். வெவ்வேறு நிறுவனங்களின் மெஷ் கருவிகள் பொதுவாக ஒன்றோடொன்று சேராது. வைஃபை அலையன்ஸ் 2018இல் கொண்டுவந்த ஈஸிமெஷ் என்ற பொதுத்தரம் இருக்கிறது. ஆனால் பெட்டியில் அந்தப் பெயர் இருப்பதை மட்டும் நம்பி இரண்டு நிறுவனக் கருவிகளைக் கலக்காதீர்கள்.

பெட்டியின் மேல் உள்ள எண்ணைப் படிக்கக் கற்றுக்கொண்டால் பணம் மிச்சம். ஏஎக்ஸ்3000 என்று போட்டிருந்தால் அது 2.4 ஜிகாஹெர்ட்ஸில் 574, 5 ஜிகாஹெர்ட்ஸில் 2402 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்) என்ற இரண்டு உச்ச வேகங்களைக் கூட்டி உருட்டிய எண். ஒரு போன் ஒரே நேரத்தில் இரண்டிலும் பேசாது. அந்த 2402 கூட 160 மெகாஹெர்ட்ஸ் அகல சேனலில்தான். உங்கள் போன் 80 மெகாஹெர்ட்ஸ் மட்டும் அறிந்த வைஃபை 6 போன் என்றால் அதன் உச்சம் 1201. அதிலும் கையில் கிடைப்பது, பக்கத்தில் நின்றால், ஏறத்தாழ 600 முதல் 800 எம்பிபிஎஸ். 3000 என்ற எண்ணைப் பார்த்து வாங்கியவருக்கு 700 வருவது குறையல்ல, இயல்பு.

டூயல் பேண்டா (2.4, 5 என்று இரண்டு ரேடியோ), ட்ரை பேண்டா (கூடுதலாக இன்னொரு ரேடியோ) என்பது உண்மையிலேயே யோசிக்க வேண்டிய கேள்வி. டூயல் பேண்ட் நோடு கேபிள் இல்லாமல் வேலை செய்யும்போது, ஒரே 5 ஜிகாஹெர்ட்ஸ் ரேடியோ முதன்மை ரவுட்டரிடம் வாங்கவும் வேண்டும், உங்கள் போனுக்குக் கொடுக்கவும் வேண்டும். ஆகவே வேகம் ஏறத்தாழப் பாதியாகும். அந்த நோடிலிருந்து இன்னொரு நோடு வாங்கினால் பாதியில் பாதி. அதாவது முதன்மை ரவுட்டருக்கும் நோடுக்கும் இடையே உண்மையில் 400 எம்பிபிஎஸ் ஓடினால், நோடின் கீழ் உள்ள போனுக்கு 200, மூன்றாவதின் கீழ் 100 சொச்சம். ட்ரை பேண்டில் பேக்ஹாலுக்கென்று ஒரு ரேடியோ தனியாக இருப்பதால் இந்த இழப்பு பெருமளவு குறையும்.

உங்கள் இணைப்பு 100 எம்பிபிஎஸ் என்றால் டூயல் பேண்ட் தாராளம். 300க்கு மேல், கேபிள் இழுக்க வழியில்லை என்றால் ட்ரை பேண்ட். கேபிள் இழுக்க முடியும் என்றால் எந்த வேக இணைப்பானாலும் டூயல் பேண்டும் கேபிளும்தான். விலை உயர்ந்த ட்ரை பேண்ட் செட்டைவிட ஒரு சாதாரணக் கேபிள் நிலையானது என்பதில் சந்தேகமே வேண்டாம். 6 ஜிகாஹெர்ட்ஸ் பயன்படுத்தும் வைஃபை 6இ, வைஃபை 7 கருவிகள் வேகமானவைதான், ஆனால் அந்த அலை சுவரைத் தாண்டுவதில் 5 ஜிகாஹெர்ட்ஸைவிடவும் பலவீனமானது. தடித்த சுவர் உள்ள வீட்டில் அதை நம்பிப் பேக்ஹால் அமைக்காதீர்கள்.

வாங்கும்போது பார்க்க வேண்டிய இன்னும் மூன்று: ஒவ்வொரு நோடிலும் குறைந்தது இரண்டு கிகாபிட் போர்ட் இருக்க வேண்டும். மலிவான சில செட்களில் போர்ட் 100 எம்பிபிஎஸ் மட்டுமே, பெட்டியில் அதைச் சிறிய எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். குழந்தைகளுக்கான கட்டுப்பாடு, பாதுகாப்பு போன்ற வசதிகளுக்கு மாதச் சந்தா உண்டா என்று பாருங்கள். முதல் சில வாரம் இலவசமாகக் காட்டிவிட்டுப் பிறகு கேட்பவை உண்டு. திருப்பிக் கொடுக்கும் காலம் எத்தனை நாள் என்று பார்த்து, பில்லைப் படம் எடுத்து வையுங்கள், பெட்டியைக் கிழிக்காமல் திறங்கள். மின்செலவு பெரிதில்லை: நோடு ஒன்று 8 வாட் இழுத்தால் மூன்று நோடுக்கு மாதம் 17 யூனிட்டுக்குச் சற்று மேல்.

4. கையில் வைத்துக்கொள்ள வேண்டிய விவரங்கள்

பழைய ரவுட்டரைக் கழற்றிய பிறகு இணையம் இருக்காது. அப்போது தேடி எடுக்க முடியாதவற்றை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

இணைப்பு வகை முதலில். பழைய ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் இன்டர்நெட் பகுதியில் டைனமிக் ஐபி, ஸ்டாட்டிக் ஐபி, பிபிபிஓஇ என்ற மூன்றில் ஒன்று இருக்கும். பிபிபிஓஇ என்றால் யூசர்நேமும் பாஸ்வேர்டும் வேண்டும். பாஸ்வேர்டு திரையில் புள்ளிகளாகத்தான் தெரியும், ஆகவே இணைய நிறுவனத்திடமே கேட்டு வாங்குங்கள். விலேன் எண் (இணைய நிறுவனம் தன் இணைப்பைப் பிரித்தறியப் போடும் எண்) என்று ஒன்று இருந்தால் அதையும் எழுதுங்கள். இந்த எண்ணை விட்டுவிட்டால் யூசர்நேம், பாஸ்வேர்டு எல்லாம் சரியாக இருந்தும் இணைப்பு வராது, காரணமும் தெரியாது. ஸ்டாட்டிக் ஐபி என்றால் முகவரி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ் நான்கும் வேண்டும்.

பழைய ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் படம் எடுங்கள். அதில் நிர்வாகப் பாஸ்வேர்டும் மேக் முகவரியும் (ஒவ்வொரு கருவிக்கும் உரிய தனி அடையாள எண்) இருக்கும். சில இணைய நிறுவனங்கள் முதலில் இணைந்த ரவுட்டரின் மேக் முகவரியை மட்டுமே அனுமதிக்கும். புது ரவுட்டரில் அந்த முகவரியை நகலெடுத்துப் போட இந்தப் படம் உதவும்.

இப்போதைய வைஃபையின் பெயரும் பாஸ்வேர்டும், பெரிய எழுத்து சிறிய எழுத்து மாறாமல். ஏன் என்பது 8ஆம் படியில்.

5. பழைய ரவுட்டரை என்ன செய்வது

மோடம் தனி, ரவுட்டர் தனி என்றால் ரவுட்டரைக் கழற்றிவிட்டு மெஷ்ஷின் முதல் நோடை அங்கே செருகினால் போதும். சிக்கல் வருவது இரண்டும் ஒரே பெட்டியாக இருக்கும் வீடுகளில்.

அந்தப் பெட்டியும் ரவுட்டராக வேலை செய்து, அதன் பின்னால் மெஷ்ஷும் ரவுட்டராக வேலை செய்தால் டபுள் நேட் என்ற நிலை வரும். படம் பார்க்க, பக்கங்கள் திறக்க ஒன்றும் தெரியாது. ஆன்லைன் கேம், அலுவலக விபிஎன், வெளியிலிருந்து பார்க்கும் கேமரா ஆகியவைதான் மக்கர் செய்யும். கண்டுபிடிப்பது எளிது: மெஷ் ஆப்பில் இன்டர்நெட் ஐபி முகவரியைப் பாருங்கள். 192.168 அல்லது 10 என்று தொடங்கினால், அல்லது 172.16 முதல் 172.31 வரைக்குள் இருந்தால், பெரும்பாலும் டபுள் நேட்தான். 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் அது இணைய நிறுவனமே தன் பக்கம் வைத்திருக்கும் பகிர்வு. உங்கள் வீட்டுக் கம்பிகளை மாற்றி அது தீராது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, இணைய நிறுவனத்தின் பெட்டியை பிரிட்ஜ் மோடுக்கு மாற்றுவது. அப்போது அது வெறும் மோடமாகிவிடும், மெஷ் ரவுட்டராக முழுவதும் இயங்கும். பல நிறுவனங்கள் இதைத் தாங்களே தூரத்திலிருந்து செய்து தருவார்கள், ஆகவே மெஷ் மாட்டும் நாளுக்கு ஓரிரு நாள் முன்பே கேட்டு வையுங்கள். அந்தப் பெட்டியிலேயே தரைவழிப் போனோ டிவி இணைப்போ ஓடினால், பிரிட்ஜ் மோடில் அவை நின்றுபோகுமா என்று கேட்காமல் சம்மதிக்காதீர்கள்.

இரண்டாவது வழி, பெட்டியை அப்படியே விட்டுவிட்டு மெஷ்ஷை ஆக்ஸஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றுவது. அப்போது ரவுட்டர் வேலையைப் பெட்டியே செய்யும், மெஷ் வைஃபையை மட்டும் பரப்பும். ஐந்து நிமிட வேலை, யாரையும் கேட்க வேண்டாம். குழந்தைக் கட்டுப்பாடு, கருவிக்கு முன்னுரிமை போன்ற சில வசதிகள் மெஷ் ஆப்பில் மறைந்துவிடும், அவ்வளவுதான். புதிதாகச் செய்பவர்களுக்கு இதுவே நல்லது.

எந்த வழியானாலும் பழைய பெட்டியின் வைஃபையை அணைத்துவிடுங்கள். இதைப் பலர் மறக்கிறார்கள். போன் பழைய வைஃபையிலேயே ஒட்டிக்கொண்டு, மெஷ் வேலை செய்யவில்லை என்ற முடிவுக்கு வருவார்கள்.

6. முதல் நோடும், பக்கத்திலேயே இரண்டாவதும்

மோடத்தின் பவரை அணைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். கேபிளை முதல் நோடின் இன்டர்நெட் போர்ட்டில் செருகி, மோடத்தை ஆன் செய்து, அதன் விளக்குகள் நிலையாக எரிந்த பிறகே நோடை ஆன் செய்யுங்கள். ஆப்பைப் போனில் முன்கூட்டியே இறக்கி, கணக்கும் தொடங்கி வைத்திருந்தால் இந்த இடத்தில் மொபைல் டேட்டாவோடு போராட வேண்டியதில்லை.

இணையம் வந்ததும் ஃபர்ம்வேர் (நோடுக்குள் இருக்கும் மென்பொருள்) அப்டேட்டை முடியுங்கள். 10 நிமிடம் ஆகலாம், நடுவில் பவரை எடுக்காதீர்கள்.

துணை நோடை நேராகக் கடைசி அறைக்குக் கொண்டு போகாதீர்கள். முதல் நோடிலிருந்து 2 அல்லது 3 மீட்டர் தள்ளி வைத்து ஆப்பில் சேர்த்து, அதற்கும் அப்டேட் முடித்த பிறகு பவரை எடுத்து அதன் உண்மையான இடத்துக்குக் கொண்டு செல்லுங்கள். கேபிளில் இணைக்கப் போகும் நோடாக இருந்தாலும் இப்படிச் சேர்ப்பதே சிக்கலில்லாதது. ஒவ்வொரு நோடின் அடாப்டரிலும் அதன் பெயரை ஒட்டிவிடுங்கள். செருகும் முனை ஒன்றுபோல இருந்தாலும் வோல்டேஜ் வேறாக இருக்கக்கூடும்.

7. துணை நோடின் இடம்

இதில்தான் முழு விஷயமும் அடங்கியிருக்கிறது. சிக்னல் வராத அறையில் நோடை வைப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. அங்கே வராத சிக்னலை நோடு மட்டும் எங்கிருந்து வாங்கும்? ரவுட்டருக்கும் சிக்னல் இல்லாத அறைக்கும் நடுவே, சிக்னல் இன்னும் நன்றாக இருக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

1ஆம் படியில் எழுதிய தாளை எடுங்கள். 5 ஜிகாஹெர்ட்ஸில் ஹாலில் −42, நடைபாதையில் −58, படுக்கையறை வாசலில் −71, உள்ளே கட்டிலருகே −79 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோடு போக வேண்டிய இடம் நடைபாதை. அங்கே அதற்கு −58 கிடைக்கிறது, அங்கிருந்து படுக்கையறைக்கு ஒரே சுவர். கட்டிலருகே வைத்தால் போனில் எல்லாக் கோடும் நிறைந்து தெரியும், வேகம் மட்டும் வராது. காரணம், அந்தக் கோடுகள் போனுக்கும் நோடுக்கும் இடையே உள்ள சிக்னலைக் காட்டுகின்றன. நோடுக்கும் ரவுட்டருக்கும் இடையே என்ன நடக்கிறது என்பதைக் காட்டுவதில்லை. "கோடு ஃபுல்லா இருக்கு, நெட் வரல" என்ற புகாரில் முக்கால்வாசி இதுதான்.

நோடு வைக்கும் இடத்தில் −55 முதல் −65 வரை இருக்கட்டும். −50ஐவிட நன்றாக இருந்தால் நோடு தேவைக்கு மேல் அருகில் இருக்கிறது. −70ஐத் தாண்டினால் மிகத் தூரம்.

சுவர் எதனால் ஆனது என்பதைப் பொறுத்துத் தூரக் கணக்கு மாறும். மரக்கதவு 3 அல்லது 4 டிபி எடுத்துக்கொள்ளும். செங்கல் சுவர் அதைப்போல இரு மடங்கோ மேலோ. கம்பி கட்டிய தடித்த கான்கிரீட்டில் 5 ஜிகாஹெர்ட்ஸ் 20 டிபிக்கு மேலும் இழக்கும், அதாவது நூறில் ஒரு பங்குதான் அந்தப் பக்கம் போகும். அதனால் மாடி வீட்டில் தளத்தை நேராகத் துளைக்க முயல வேண்டாம். படிக்கட்டு வழியே சிக்னல் ஏறட்டும்: கீழ் நோடு படிக்கட்டு தெரியும் இடத்தில், மேல் நோடு படி ஏறி முடியும் இடத்தில்.

மூன்று நோடு என்றால் முதன்மை ரவுட்டர் நடுவில், மற்றவை இரு பக்கமும். வரிசையாக ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் 3ஆம் படியில் சொன்ன பாதியில் பாதிக் கணக்கு வந்துவிடும். உயரம் ஒன்று முதல் இரண்டு மீட்டர். ஒரு மீட்டர் நகர்த்தினாலே பல எம்பிபிஎஸ் மாறும். ஆகவே ஆணி அடிக்கும் முன் நாலு இடத்தில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு முறை நகர்த்திய பிறகும் 5 நிமிடம் பொறுத்து அளந்தால்தான் சரியான எண் கிடைக்கும்.

8. பெயர், பாஸ்வேர்டு, பழைய கருவிகள்

புதிய வைஃபைக்குப் பழைய பெயரும் பழைய பாஸ்வேர்டும் வையுங்கள். டிவி, பிரின்டர், கேமரா, ஸ்மார்ட் பல்பு அனைத்தும் பெரும்பாலும் தாமாக வந்து சேர்ந்துவிடும். மாற்றினால் ஒவ்வொன்றாக ரீசெட் செய்து சேர்க்க அரை நாள் போகும். பாஸ்வேர்டு ஊருக்கே தெரிந்ததாக இருந்தால் மட்டும், அந்த அரை நாளைச் செலவழித்து மாற்றுங்கள்.

பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த மோடைத் தேர்ந்தெடுங்கள். வெறும் டபிள்யூபிஏ3 வைத்தால் பழைய கருவிகள் சேராது. ஸ்மார்ட் பல்பு, பிளக் போன்றவை பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டுமே அறிந்தவை. போன் 5 ஜிகாஹெர்ட்ஸில் இருக்கும்போது சேர்க்க முயன்றால் சில தடுமாறும். ஆப்பில் ஐஓடி நெட்வொர்க் (இப்படிப்பட்ட ஸ்மார்ட் கருவிகளுக்கான தனி வைஃபை) இருந்தால் அதை 2.4 மட்டும், டபிள்யூபிஏ2 மட்டும் என்று அமைத்து அவற்றை அங்கே விடுங்கள். இல்லையென்றால் சேர்க்கும் நேரத்துக்கு மட்டும் 5 ஜிகாஹெர்ட்ஸை அணையுங்கள்.

ஃபாஸ்ட் ரோமிங் என்று ஆப்பில் இருப்பது 802.11ஆர், ஒரு நோடிலிருந்து இன்னொன்றுக்கு வேகமாக மாற உதவும் வசதி. போன்களுக்கு நல்லது. அதை ஆன் செய்தபின் ஏதாவது பழைய பிரின்டர் காணாமல் போனால் அணைத்துப் பாருங்கள்.

சேனல் விஷயத்தில் அதிகம் கை வைக்க வேண்டாம். 2.4இல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ். சேனலை நீங்களே தேர்ந்தெடுத்தால் 1, 6, 11 மூன்றில் ஒன்று, ஏனென்றால் ஒன்றின் மேல் ஒன்று ஏறாத சேனல்கள் அவைதான். 5இல் 80 மெகாஹெர்ட்ஸ். 160 வைத்தால் ரேடாரோடு பகிரும் டிஎஃப்எஸ் சேனல்களுக்குள் நுழைய நேரும். அங்கே நோடு பேசத் தொடங்கும் முன் ஒரு நிமிடம், சில நாடுகளில் வானிலை ரேடார் சேனல் என்றால் 10 நிமிடம், காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது விதி. நடுவே ரேடார் தென்பட்டால் சேனலை விட்டு வெளியேறவும் வேண்டும். விமான நிலையம், துறைமுகம் அருகே இருப்பவர்களுக்கு "திடீரென்று 5 ஜிகாஹெர்ட்ஸ் காணோம்" என்பதற்கு இது ஒரு காரணம்.

9. கேபிள் பேக்ஹால்

வீட்டில் ஏற்கெனவே நெட்வொர்க் கேபிள் ஓடியிருந்தால், அல்லது குழாய் வழியே இழுக்க முடிந்தால், இதைத் தள்ளிப் போடாதீர்கள். கேட் 5இ கேபிள் 100 மீட்டர் வரை 1 கிகாபிட் தாங்கும், புதிதாக இழுப்பதென்றால் கேட் 6. முழுச் செம்பு என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய சிசிஏ வகை மலிவு, ஆனால் மடக்கினால் உடையும், நீளம் கூடினால் தடுமாறும். சுவருக்குள் போன பிறகு அதை மாற்றுவது கேபிளின் விலையைவிடப் பல மடங்கு செலவு.

கேபிள் போட்டும் நோடில் 94 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவே இல்லை என்றால், நோடிலும் போர்ட்டிலும் பிழை தேடும் முன் கேபிள் முனையைப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு எட்டில் நான்கு கம்பிகள் (1, 2, 3, 6) போதும். கிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். ஒரு கம்பி சரியாகக் கடிபடாவிட்டாலும் இணைப்பு அறுந்துபோகாமல் சத்தமின்றி 100க்கு இறங்கிவிடும். கிளிப்பின் நாக்கு கீழே இருக்க, உலோகப் பற்கள் மேலே தெரிய, முனை உங்களுக்கு எதிர்ப்புறம் நீட்டியபடி பிடித்தால் இடமிருந்து வலமாக வர வேண்டிய வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. இரு முனையிலும் இதே வரிசை. பச்சை ஜோடி நீலத்தின் இருபுறமும் பிரிந்து நிற்பதைக் கவனியுங்கள். அதைச் சேர்த்து வைப்பதுதான் வழக்கமான பிழை.

இணைக்கும் முறையில் ஒரே ஒரு விதி, அதை மீறினால் எதுவும் சரியாக ஓடாது: மெஷ் ரவுட்டர் மோடில் இருந்தால், மோடம், முதல் நோடு, நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு கேபிள் இணைப்பைப் பல போர்ட்டுகளாகப் பிரிக்கும் பெட்டி), பிறகு மற்ற நோடுகள். மோடத்திலிருந்து நேராக ஸ்விட்ச் போட்டு எல்லா நோடையும் அதில் செருகக் கூடாது. அப்படிச் செய்தால் துணை நோடுகள் முதல் நோடின் பின்னால் இருக்காது. ஒன்று இணையும், மற்றது அறும். ஒரு ஸ்விட்ச்சுக்கு இரண்டு கேபிள் போட்டு வளையம் உண்டாக்கினாலும் வீட்டு நெட்வொர்க் முழுதும் உறைந்து நிற்கும். எல்லா விளக்குகளும் ஒரே தாளத்தில் வெறித்தனமாக மின்னினால் வளையத்தைத் தேடுங்கள்.

கேபிள் இழுக்க வழியே இல்லை, ஆனால் டிவிக்குப் போட்ட கோஆக்ஸ் கம்பி அறைகளில் இருக்கிறது என்றால் மோகா அடாப்டர் ஒரு ஜோடி வாங்கி அதையே பேக்ஹாலாக்கலாம். அதே கம்பியில் சாட்டிலைட் டிவி ஓடினால் இது ஒத்துவராது. மின்கம்பி வழியே கடத்தும் பவர்லைன் அடாப்டர் கடைசி வழி; வேகம் வீட்டு வயரிங்கைப் பொறுத்தது, எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல் நேராகச் சுவர் சாக்கெட்டில் செருகினால்தான் ஓரளவாவது வரும்.

10. நடந்து சோதியுங்கள்

ஒரு வீடியோ அழைப்பைத் தொடங்கி, முதன்மை ரவுட்டர் அருகிலிருந்து கடைசி அறைவரை மெதுவாக நடங்கள். எங்கே உறைகிறது என்று குறியுங்கள். எந்த நோடோடு இணைவது என்று முடிவு செய்வது போன்தான், மெஷ் அல்ல; மெஷ் பரிந்துரைக்க மட்டுமே முடியும். ஐபோன் ஏறத்தாழ −70 ஆகும்வரை வேறு நோடைத் தேடாது. ஆகவே தூரம் போன பிறகும் பழைய நோடையே பிடித்துக்கொண்டிருப்பது இயல்பு.

உறையும் இடத்தில் நின்று போனின் வைஃபையை ஒருமுறை அணைத்து ஆன் செய்யுங்கள். உடனே வேகம் ஏறினால், போன் பழைய நோடை விடாமல் பிடித்திருந்தது என்று பொருள். நோடுகள் மிக அருகில் இருக்கின்றன. சற்றுத் தள்ளுங்கள், அல்லது ஆப்பில் வசதி இருந்தால் சிக்னல் சக்தியைக் குறையுங்கள். அணைத்து ஆன் செய்தும் ஏறவில்லை என்றால் பேக்ஹால் பலவீனம். நோடை ரவுட்டர் பக்கமாக நகர்த்துங்கள். இந்த ஒரு சோதனை எந்தத் திசையில் நகர்த்துவது என்ற குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

நகராத பொருட்களான டிவி, கணினி, கேம் கருவி ஆகியவற்றை நோடின் பின்னால் உள்ள போர்ட்டில் கேபிளால் செருகுங்கள். வைஃபை மற்ற கருவிகளுக்கு மிஞ்சும்.

11. முதல் வாரம்

மின்சாரத்தை வேண்டுமென்றே ஒருமுறை அணைத்து ஆன் செய்து, எல்லா நோடும் தாமாகத் திரும்பி வருகின்றனவா என்று பாருங்கள். 5 முதல் 10 நிமிடம் கொடுங்கள். யுபிஎஸ் வைப்பதாக இருந்தால் மோடமும் முதல் நோடும் சேர்ந்தே அதில் இருக்க வேண்டும். ஒன்றை மட்டும் வைத்துப் பயனில்லை.

பிறகு, மாலையில் எல்லாரும் வீட்டில் இருக்கும் நேரத்தில், 1ஆம் படியில் அளந்த அதே இடங்களில் அதே போனால் மறுபடி அளந்து தாளின் அடுத்த பத்தியில் எழுதுங்கள். மூன்று நோடு வாங்கியிருந்தால் இந்த வாரத்திலேயே ஒருநாள் மூன்றாவதை அணைத்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். யாரும் கவனிக்கவில்லை என்றால் அது தேவையில்லாத நோடு. செட்டாக வாங்கியதில் ஒன்றை மட்டும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மொத்தத்தையும் கொடுத்துவிட்டு இரண்டு நோடு செட்டுக்கு மாற வேண்டியிருக்கும். அதற்குத் திருப்பிக் கொடுக்கும் காலம் முடிய இன்னும் நாள் இருக்க வேண்டும்.